கைது செய்வதா, கொன்றுவிடுவதா? பவுலின் சங்கிலியும் வர்கீஸின் மரணமும்

அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்தியவர் என்று ஐயுறப்படும் ஒருவர் காவற்படையினரின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். அவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவது மட்டுமே படையினரின் கடமையா? அன்றி, நாட்டின் நலன் கருதி அவரை அங்கேயே கொன்றுவிடுவதும் கடமைக்கு உட்பட்டதா? 'என்கவுன்டர்' என்னும் சொல் நம் நாளிதழ்களில் நாள்தோறும் புழங்கும் சொல்லாகிவிட்டது. அச்செய்தியைப் படித்து ஆறுதல் கொள்வோர் நம் சபைகளிலும் உளர். துப்பாக்கி ஏந்தும் பணியிலுள்ளோரும் அதே சபைகளில் நம்மோடு திருவிருந்தில் பங்குகொள்கின்றனர். ஆதலின் இவ்வினாவை அரசியலாருக்கும் வழக்கறிஞருக்கும் விட்டுவிட்டு நாம் ஒதுங்கி நிற்றல் இயலாது. வேதாகம வரலாற்றிலும், சீர்திருத்தச் சபையின் வரலாற்றிலும், நமது அண்டை மாநிலத்தின் அண்மைக்கால வரலாற்றிலும் இவ்வினா எவ்வாறு விடை கண்டது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. எருசலேமில் ஒரு கைது

அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் பவுலின் பாடுகளின் தொடக்கமாகவே வாசிக்கிறோம். ரோமச் சேனாபதியின் பக்கத்திலிருந்து அதனை வாசிப்பது அரிது. தேவாலயத்தில் கலகம் மூண்டது என்னும் செய்தி கேட்டுக் கிலவுதியு லீசியா படையுடன் ஓடிவருகிறான். ஜனங்கள் ஒரு மனிதனை அடித்துக்கொண்டிருக்கின்றனர். அம்மனிதன் யாரென்பது சேனாபதிக்குத் தெரியாது. ஆயின் அவன் உள்ளத்தில் ஓர் ஐயம் இருந்தது. சில காலத்துக்கு முன் கலகம் செய்து, கொலைஞர் நாலாயிரம் பேரை வனாந்தரத்துக்கு நடத்திச் சென்ற எகிப்தியன் இவன்தானோ என்பதே அவ்வையம். 38ஆம் வசனத்தில் அவன் பவுலிடம் கேட்கும் கேள்வி இதனைக் காட்டுகிறது. கொலைஞர் என்று அங்கே குறிக்கப்படுவோர், கிரேக்க மூலத்தில் சிக்காரியர் எனப்படுவோர். ஆடைக்குள் குறுவாளை மறைத்துத் திருவிழாக் கூட்டத்தில் கலந்து எதிரிகளைக் குத்திக் கொன்றோர் இவர்களே. இக்கால வழக்கில் சொல்வதானால், புறஜாதிகளின் அப்போஸ்தலன் ஒரு பயங்கரவாதியென்று ஐயுறப்பட்டே முதலில் ரோமர் கையில் அகப்பட்டார்.

லீசியா என் செய்தான்? பவுலை இரண்டு சங்கிலிகளால் கட்டுவித்தான். அவர் யார், என்ன செய்தார் என்று விசாரித்தான். அவனை நீதிமான் என்று நாம் போற்றவில்லை. சவுக்கால் அடித்து உண்மையை வரவழைக்க ஆணையிட்டவனும் அவனே. பவுல் ரோமக் குடியுரிமையைச் சொன்ன பின்னரே அவன் அஞ்சினான். ஆயினும் ஐயத்தைத் தீர்ப்பாக மாற்ற அவன் துணியவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டோர் பவுலைக் கொல்லச் சபதம் செய்திருக்கின்றனர் என்றறிந்தபோது, காலாட்கள் இருநூறு பேரையும், குதிரைவீரர் எழுபது பேரையும், ஈட்டிக்காரர் இருநூறு பேரையும் துணையாக்கி இரவோடிரவாக அவரைச் செசரியாவுக்கு அனுப்பினான். ஒரு கைதியைக் கொல்வதற்கன்று, உயிரோடு நீதிபதியின் முன் நிறுத்துவதற்காக நானூற்றெழுபது பேர் நடந்தனர்.

இதே கொள்கை இன்னும் இருமுறை இந்நூலில் தலைகாட்டுகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவன் தன்மேல் குற்றஞ்சாட்டுவோரை நேர்முகமாய்க் கண்டு மறுமொழி சொல்ல இடம் பெறுமுன் அவனை மரணத்துக்கு ஒப்புக்கொடுப்பது ரோமர் வழக்கமன்று என்று பெஸ்து அறிவிக்கிறான் (25:16). கப்பற்சேதத்தின்போது, கைதிகள் நீந்தித் தப்பிவிடுவர் என்றஞ்சிப் போர்ச்சேவகர் அவர்களைக் கொன்றுவிட யோசனை செய்ய, நூற்றுக்கு அதிபதியாகிய யூலியு அதனைத் தடுக்கிறான் (27:42, 43). தப்பிவிடுவான் என்னும் அச்சமே கொலைக்குக் காரணமாகச் சொல்லப்படுவதை நாம் இன்றும் கேட்கிறோம். ரோமர் 13இல் அதிகாரியின் பட்டயத்தைப் பற்றி எழுதிய கை, வெகு காலம் செல்லுமுன் அந்த அதிகாரத்தின் சங்கிலியால் கட்டப்பட்டது. அந்தச் சங்கிலியாலேயே காக்கவும்பட்டது. பட்டயம் தேவ ஊழியம் செய்வது விசாரணையின் வழியிலேயே என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

2. பேலிக்ஸின் வழி

ரோமர் எப்போதும் இவ்வாறே நடந்தனர் என்று கொள்ளலாகாது. பவுலை விசாரித்த தேசாதிபதி பேலிக்ஸைப் பற்றி யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியுள்ளார். அந்த எகிப்தியனின் கூட்டத்தின்மேல் பேலிக்ஸ் படையை ஏவி நானூறு பேரைக் கொன்று இருநூறு பேரைச் சிறைபிடித்தான், எகிப்தியனோ தப்பியோடினான். இதனினும் கொடியது வேறொன்று. தன்னை ஓயாது கண்டித்துவந்த பிரதான ஆசாரியன் யோனத்தானைத் தீர்த்துக்கட்ட, பேலிக்ஸ் அதே சிக்காரியரையே ஏவினான் என்று யோசேபஸ் கூறுகிறார். அக்கொலை தண்டிக்கப்படாது போகவே, குறுவாளர் துணிவு பெற்றுத் திருவிழாதோறும் கொலை செய்யலாயினர். கொலைஞரை ஒழிக்க வந்த அரசு கொலைஞரின் கருவியைத் தன் கையில் எடுத்தது. எடுத்தபின் இருவருக்கும் உள்ள வேறுபாட்டை மக்களுக்குக் காட்ட அதனால் கூடவில்லை. கி.பி. 66இல் மூண்ட பெரும்போருக்குக் காரணங்கள் பல. ஆளுநரின் நீதியில் மக்கள் நம்பிக்கை இழந்தது அவற்றுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

3. சீர்திருத்தச் சபையின் இரு குரல்கள்

இவ்விடயத்தில் நம் சொந்த மரபு குற்றமற்றதன்று. 1525இல் ஜெர்மானிய விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது மார்ட்டின் லூத்தர் எழுதிய கடுமையான துண்டுநூல் யாவரும் அறிந்ததே. வெளிப்படையான கலகக்காரன் விடயத்தில் ஒவ்வொரு மனிதனும் நீதிபதியும் கொலைத் தண்டனை நிறைவேற்றுபவனும் ஆகிறான் என்று அதில் அவர் வாதிட்டார். அவ்வாண்டு மே 15ஆம் நாள் பிராங்கென்ஹௌசனில் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் வெட்டுண்டனர். விசாரணையின்றிக் கொல்லுதலுக்கு இறையியல் ஆதரவு தேடுவோர் இன்றும் அந்நூலைச் சுட்டக்கூடும்.

ஆயின் அதே லூத்தர், சில வாரங்களுக்குப் பின் அந்நூலுக்கு விளக்கம் எழுதுகையில், தம் கருத்தைத் திரும்பப் பெறாவிடினும் ஒரு வரம்பை வகுத்தார். போர் முடிந்த பின்னும் இரத்தவெறி அடங்காது, அகப்பட்டோரையும் சரணடைந்தோரையும் கொன்ற பிரபுக்களை அவர் கடுமையாகக் கண்டித்தார். 1526இல், போர்ச்சேவகரும் இரட்சிக்கப்படக்கூடுமா என்னும் வினாவை ஆராய்ந்த நூலில் இன்னும் ஒரு படி முன்சென்றார். தன் பிரபு செய்வது அநீதியென்று உறுதியாக அறிந்த சேவகன், மனிதருக்கு அல்ல, தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும். அதனால் வரும் இழப்பை ஏற்க வேண்டும் என்பது அவர் போதனை. கலகக்காரனிடம் கருணை காட்டாத லூத்தரும், பிடிபட்டவனைக் கொல்லுதல் என்னும் எல்லையில் வந்து நின்றுவிடுகிறார். சேவகனின் மனச்சாட்சியை அவர் பிரபுவின் கையில் ஒப்படைக்கவில்லை. இவ்விரண்டும், நம் காலத்தில் கேரளத்துக் காடொன்றில் நேர்ந்ததை எடைபோட நமக்கு உதவும்.

4. வயநாடு: 1968 முதல் 1970 வரை

வயநாட்டின் அடியர் முதலிய பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாய் நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு உழைத்தவர்கள். மானந்தவாடிக்கு அருகிலுள்ள வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஓராண்டுக்கு அவர்களை உழைப்புக்கு அமர்த்திக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இம்மக்களிடையே பணியாற்ற வந்தவர் அரிக்காடு வர்கீஸ். மலைநாட்டில் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் மார்க்சிஸ்ட் கட்சியிலும் பின்னர் நக்சலைட் இயக்கத்திலும் இருந்தார். அடியரின் தலைவர் என்று அம்மக்கள் அவரை அழைத்தனர்.

இவ்வியக்கம் வன்முறையைக் கைக்கொண்டது என்பதை நாம் மறைக்கலாகாது. 1968 நவம்பர் 24இல் புல்பள்ளியிலிருந்த காவல்துறை முகாம் தாக்கப்பட்டது. அங்கே காவலர் ஒருவர் உயிரிழந்தார். 1970 பிப்ரவரியில் திருநெல்லிப் பகுதியில் நிலவுடைமையாளர் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டோருக்கும் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் இரத்தமும் நீதி கேட்டது. காவல்துறையினர் வர்கீஸைத் தேடியதில் தவறில்லை. தேடுவது அவர்கள் கடமை.

1970 பிப்ரவரி 18ஆம் நாள் திருநெல்லிக் காட்டில் வர்கீஸ் இறந்தார். போலீசாருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவர் கொல்லப்பட்டார் என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் நிலைத்து நின்றது.

1998இல், மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் காவலராயிருந்து ஓய்வுபெற்ற இராமச்சந்திரன் நாயர் என்பவர் வெளிப்படையாக ஓர் அறிக்கை செய்தார். சண்டை எதுவும் நடக்கவில்லை. வர்கீஸ் உயிரோடு பிடிக்கப்பட்டார். ஆயுதமின்றிக் காவலில் இருந்தார். மேலதிகாரியாகிய துணைக் கண்காணிப்பாளர் லட்சுமணாவின் ஆணையின்படி நானே அவரைச் சுட்டேன் என்பதே அவ்வறிக்கையின் சாரம். தாம் முதலில் மறுத்ததாகவும், மறுத்தால் தாமும் கொல்லப்பட்டுச் சண்டையில் இறந்தவராகக் கணக்கிடப்படுவார் என்று அச்சுறுத்தப்பட்டதாகவும் அவர் கூறினார். இவ்வறிக்கை தம்மையே கொலைக் குற்றவாளியாக்கும் என்பதை அவர் அறிந்தே செய்தார். உயர்நீதிமன்ற ஆணையின்பேரில் மத்தியப் புலனாய்வுத்துறை வழக்கை ஏற்றது. நாயரே முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். விசாரணை முடிவைக் காணாமலே 2006இல் அவர் மறைந்தார்.

2010 அக்டோபரில் கொச்சியிலுள்ள தனி நீதிமன்றம், ஐ.ஜி. பதவியில் ஓய்வுபெற்று எழுபது வயதைக் கடந்திருந்த லட்சுமணாவைக் குற்றவாளியெனக் கண்டு ஆயுள் தண்டனை விதித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட மற்றோர் உயர் அதிகாரி, சாட்சியம் போதாமையால் விடுவிக்கப்பட்டார். 2013இல் முதுமை கருதி அரசு லட்சுமணாவை விடுதலை செய்தது. 2021இல் வர்கீஸின் உடன்பிறந்தாருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கக் கேரள அரசு முடிவு செய்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். லட்சுமணாவுக்கு வழக்கறிஞர் இருந்தார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு இருந்தது. மேல்முறையீட்டு உரிமை இருந்தது. இறுதியில் இரக்கமும் கிடைத்தது. சட்டம் அவருக்கு அளித்த இவை யாவும், திருநெல்லிக் காட்டில் கைதி ஒருவனுக்கு மறுக்கப்பட்டவையே. இவ்வாறு நடந்ததற்காக நாம் சட்டத்தைக் குறைகூறவில்லை. சட்டம் கொலையாளிக்கும் நீதி செய்யும் தன்மையது என்பதே அதன் மேன்மை.

5. பிடிபட்டவரும் கொல்லப்பட்டவரும்

புல்பள்ளித் தாக்குதலில் பங்குகொண்டவருள் மற்றொருவர் அஜிதா. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அவர் கைது செய்யப்பட்டார். சிறையில் பல ஆண்டுகளைக் கழித்து 1977இல் விடுதலை பெற்றார். பிற்காலத்தில் ஆயுதப் பாதையை விட்டுப் பெண்களின் உரிமைக்காக உழைக்கலானார்; 1993இல் கோழிக்கோட்டில் 'அன்வேஷி' என்னும் அமைப்பை நிறுவினார். துன்புற்ற எத்தனையோ பெண்களுக்கு அது புகலிடமாயிற்று. ஒரே இயக்கத்தைச் சேர்ந்த இருவருள் ஒருவர் மாறுவதற்குக் காலம் பெற்றார், மற்றவர் பெறவில்லை. வர்கீஸ் மாறியிருப்பாரென்று நாம் சாதிக்க முடியாது. மாறியிருக்கமாட்டாரென்று சாதிக்கும் உரிமையும் எவருக்கும் இல்லை. மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கும் சபைக்கு இது சிறு காரியமன்று.

இழந்தவர் வர்கீஸ் மட்டுமல்லர். திருநெல்லியில் கொல்லப்பட்டோரின் குடும்பத்தாரும் ஒன்றை இழந்தனர். யார் என்ன செய்தார், யார் ஏவினார் என்பது வர்கீஸை முன்னிறுத்தி விசாரிக்கப்பட்டு வெளிப்படும் வாய்ப்பு அவர்களுக்கும் பறிக்கப்பட்டது. இன்னும் ஒருவர் உளர். அவர்தாம் சுட்டவர். அதிகாரியின் ஆணை காவலரின் கையைப் பயன்படுத்திக்கொண்டது. மனச்சாட்சியையோ அவரிடமே விட்டுச் சென்றது. அதனை அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் சுமந்தார்.

6. சட்டம் கூறுவதும் மறுப்போர் கூறுவதும்

1970இல் நடப்பிலிருந்த 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவும், பின்வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 43ஆம் பிரிவும் ஒரே கொள்கையைக் கொண்டவை. கைது செய்யப்படுபவர் எதிர்த்தால் அதற்குத் தேவையான வழிகளைக் கையாளலாம். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையை இப்பிரிவு அளிப்பதில்லை. பெருங்குற்றம் சாட்டப்பட்டவர் விடயத்திலும் இவ்விலக்கு கைது செய்யும் பொருட்டே உள்ளது. கைது முடிந்த பின்னர் அதற்கு இடமில்லை. போலிச் சண்டையில் கொல்லுமாறு மேலதிகாரி ஆணையிட்டால் கீழுள்ளவர் மறுக்க வேண்டும், ஆணைக்குக் கீழ்ப்படிந்தேன் என்பது அவரைக் காக்காது என்று உச்சநீதிமன்றம் 2011இல் கூறியது. 2014இல் அதே நீதிமன்றம், இத்தகைய ஒவ்வொரு மரணத்தையும் சார்பற்ற முறையில் விசாரிக்க வேண்டும், நிகழ்ச்சி நடந்தவுடன் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ வழங்கலாகாது என்பன உள்ளிட்ட நெறிமுறைகளை வகுத்தது.

மறுப்போர் கூற்றிலும் வலிமை உண்டு. ஆயுதம் ஏந்தியவர் எளிதில் சரணடைவதில்லை, சாட்சிகள் அஞ்சுகின்றனர், வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன, கைது செய்யச் செல்லும் காவலரும் தாயின் பிள்ளையே என்பர். இவை யாவும் உண்மை. தம்மையோ பிறரையோ காக்க வேறு வழியின்றிச் சுடும் காவலரை நாம் குற்றவாளி என்னோம். சண்டையில் சுடுவது ஒன்று. பிடிபட்டவரைச் சுடுவது மற்றொன்று. பின்னது கொலை என்பதில் சட்டத்துக்கும் வேதத்துக்கும் வேறுபாடில்லை.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே கடினமானது. 1988 மார்ச் 6இல் ஜிப்ரால்டரில் ஐரிஷ் குடியரசுப் படையினர் மூவரைப் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் சுட்டுக்கொன்றனர். மூவரும் குண்டுவெடிப்புக்குத் திட்டமிட்டவர்களே. ஆயின் அந்நேரம் அவர்களிடம் ஆயுதமில்லை, அவர்கள் நிறுத்திய காரில் வெடிகுண்டும் இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1995இல் பத்துக்கு ஒன்பது என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. சுட்ட வீரர் தமக்குச் சொல்லப்பட்டதை நேர்மையாக நம்பினர் என்று அது ஏற்றது. ஆனால் எல்லையிலேயே அவர்களைத் தடுத்துப் பிடிக்காமல் உள்ளே வரவிட்டதும், உறுதிப்படாத ஊகங்களை உறுதிபோல் வீரருக்குச் சொன்னதுமாகிய ஏற்பாட்டில் குற்றம் கண்டது. கைதுக்கு வழியிருந்ததா என்னும் வினாவை இறுதிக் கணத்தில் மட்டும் கேட்டால் போதாது. திட்டம் வகுக்கும் மேசையிலேயே கேட்க வேண்டும் என்பது இத்தீர்ப்பு தரும் படிப்பினை.

நீதிமன்றம் தாமதிக்கிறது என்பதற்கு மருந்து நீதிமன்றத்தைச் சீர்படுத்துவதே. சாட்சி அஞ்சுகிறான் என்பதற்கு மருந்து சாட்சியைக் காப்பதே. லீசியா, நாற்பது பேர் சபதம் செய்துள்ளனரே என்று அஞ்சிக் கைதியைக் கைவிடவில்லை, காவலைப் பெருக்கினான்.

7. ஊழியருக்கு

வர்கீஸ் பவுல் அல்லர் என்று சிலர் கூறலாம். உண்மை. ஆயின் சங்கிலியிட்ட அன்று லீசியாவுக்குப் பவுலும் பவுல் அல்லர்; அவர் ஓர் எகிப்தியக் கலகக்காரராகவே தோன்றினார். யார் எவர் என்று அறிவதற்கே விசாரணை வேண்டியிருக்கிறது. ஐயுறப்பட்டவரைக் கொல்லலாம் என்னும் கொள்கை அன்று எருசலேமில் ஆண்டிருந்தால், ரோமச் சிறையிருப்பில் எழுதப்பட்டவை என்று மரபு கூறும் நிருபங்கள் நம் கையில் இரா.

எனவே ஊழியராகிய நமக்கு மூன்று கடமைகள் உள. ரோமர் 13ஐப் பிரசங்கிக்கையில், அப்போஸ்தலர் நடபடிகளின் இறுதி அதிகாரங்களோடு சேர்த்தே அதனைப் பிரசங்கிப்போமாக. விசாரணையற்ற கொலைச் செய்தியைக் கேட்டுச் சபை மகிழும்போது, அம்மகிழ்ச்சிக்கு நாம் ஆமென் சொல்லாதிருப்போமாக. அதே வேளையில் வன்முறையாளரால் கொல்லப்பட்டோரின் வீடுகளுக்கும், பணியில் உயிர்நீத்த காவலரின் வீடுகளுக்கும் முதலில் செல்பவர்களாக இருப்போமாக. மூன்றாவது, நம் சபைகளிலுள்ள காவலரையும் படைவீரரையும் பற்றியது. ஆணையை மறுக்க வேண்டிய நாள் வந்தால் மறுப்பதற்குரிய பலத்தை அந்நாளுக்கு முன்பே அவர்களுக்கு அளிக்க வேண்டும். மறுக்க இயலாது போனவர், நாயரைப் போல் நெடுநாள் சுமந்த பாரத்தோடு போதகரின் கதவைத் தட்டக்கூடும். அவரிடம், ஆணைக்குத்தானே கீழ்ப்படிந்தாய் என்று மலிவான ஆறுதல் சொல்லி அனுப்பலாகாது. உண்மையை உரிய இடத்தில் சொல்ல அவரோடு நடந்து செல்வதே மேய்ப்பன் செய்யத்தக்கது. பாவமன்னிப்பு உண்மையை மூடுவதன்று. உண்மையைச் சொல்லத் துணிவு தருவது.

தீர்ப்பு தேவனுடையது. அதில் ஒரு சிறு பங்கை, சாட்சி கேட்டு, மறுமொழி கேட்டு, திறந்த மன்றத்தில் செய்யும்படி அவர் மனிதருக்கு அளித்திருக்கிறார். காட்டிருளில் எவரும் காணாமல் அதனைச் செய்து முடிக்கும் அதிகாரத்தை அவர் எவருக்கும் அளிக்கவில்லை.